டபுள் ஃபோல்ட்: நூலகங்கள் கழித்த தாள்கள் பற்றிய வழக்கு

டபுள் ஃபோல்ட் (2001) அமெரிக்க நாவலாசிரியர் நிக்கல்சன் பேக்கர் எழுதிய அபுனைவு நூல். தலைப்புக்கு ‘இரட்டை மடிப்பு’ என்று பொருள். அமெரிக்காவின் பெரிய ஆய்வு நூலகங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பழைய நாளிதழ்களையும் நூல்களையும் மைக்ரோபிலிமில் படமெடுத்துவிட்டு மூலப்படிகளைக் கழித்தன. தாள் நொறுங்கி அழியப்போகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணமும் அதற்கு ஆதாரமான சோதனையும் பிழையானவை என்று இந்நூல் வாதிடுகிறது. 2001ஆம் ஆண்டு நூல்களுக்கான தேசிய நூல் விமர்சகர் வட்டத்தின் அபுனைவு விருது இதற்குக் கிடைத்தது.

பேக்கர் நூலகரோ ஆவணக் காப்பாளரோ அல்லர். நூலகத்தைப் பயன்படுத்தும் வாசகராக நின்று அத்துறையைக் கேள்வி கேட்டவர். நூலகத் துறை வெளியிலிருந்து எதிர்கொண்ட விமர்சனங்களில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்டது இந்நூலே. அதன் குற்றச்சாட்டில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பது பழைய தாளைக் காக்கும் பொறுப்புள்ள எல்லோருக்கும் இன்றும் தேவையான கேள்வி.

பின்னணி

1957இல் பிறந்த பேக்கர், அன்றாடப் பொருள்களைக் கூர்ந்து நோக்கும் நாவல்களால் அறியப்பட்டவர். 1994இல் தி நியூயார்க்கர் இதழில் நூலக அட்டைப் பட்டியல்கள் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். அப்போது அமெரிக்க நூலகங்கள் கணினிப் பட்டியலுக்கு மாறிக்கொண்டிருந்தன. இழுப்பறைகளில் இருந்த லட்சக்கணக்கான அட்டைகள் குப்பைக்குப் போயின. பல தலைமுறை நூலகர்கள் அந்த அட்டைகளில் கையால் எழுதிச் சேர்த்த குறிப்புகளும், ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு வழிகாட்டிய இணைப்புகளும் கணினிக்கு முழுமையாக ஏறவில்லை என்பது அவர் சுட்டிய இழப்பு.

1996இல் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் புதிய கட்டடத்துக்கு மாறியது. இடமாற்றத்தை ஒட்டி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் குப்பைமேட்டுக்கு அனுப்பப்பட்டன என்று பேக்கர் எழுதினார். நூலக நிர்வாகம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. நூலகத்தின் பதிவுகளைப் பார்க்கும் உரிமை கோரி அவர் வழக்கும் தொடுத்தார். டபுள் ஃபோல்ட் எழுதப்படுவதற்கு முன்பே, நூலகம் எதைக் கழிக்கிறது என்பதை அறியும் உரிமை வாசகருக்கு உண்டு என்ற நிலைப்பாட்டை அவர் எடுத்திருந்தார்.

தாள் ஏன் பழுக்கிறது

ஏறத்தாழ 1850 வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாள் பெரும்பாலும் பழந்துணியிலிருந்து செய்யப்பட்டது. அச்சுத் தொழில் பெருகியபோது துணி போதவில்லை. தாள் ஆலைகள் மரக்கூழுக்கு மாறின. மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். மை ஊறாமல் இருக்கச் சேர்க்கப்பட்ட படிகாரமும் பிசினும் தாளில் அமிலத்தை உண்டாக்கின. அமிலம் செல்லுலோஸ் இழைகளைச் சிறு துண்டுகளாக உடைக்கிறது. இதனால் தாள் வலுவிழந்து ஒடியும் தன்மை பெறுகிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் இந்த வேதிவினை விரைவாகும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் மெதுவாகும். இந்த வேதியியலில் பேக்கருக்கும் நூலகங்களுக்கும் அடிப்படைத் தகராறு இல்லை. வேகம் எவ்வளவு என்பதில்தான் தகராறு.

வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆவணச் சீரமைப்பாளர் வில்லியம் பாரோ 1950களின் இறுதியில், 1900 முதல் 1949 வரை வெளியான 500 நூல்களின் தாளைச் சோதித்தார். தாளை 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 72 மணி நேரம் வைத்தால் அது ஏறத்தாழ 25 ஆண்டு முதுமைக்குச் சமம் என்பது அவர் பயன்படுத்திய கணக்கு. அந்த நூல்களில் மிகப் பெரும்பாலானவை அடுத்த நூற்றாண்டில் பயன்படுத்த முடியாதவையாகிவிடும் என்று அவர் முடிவுசெய்தார். நூலகத் துறையில் ‘நொறுங்கும் நூல்கள்’ என்ற அச்சத்துக்கு இந்த ஆய்வு அறிவியல் ஆதாரமாக நின்றது.

1987இல் வெளியான ஸ்லோ ஃபயர்ஸ் என்ற ஆவணப்படம் அந்த அச்சத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. அலமாரிகளில் நூல்கள் மெல்ல எரிந்துகொண்டிருக்கின்றன என்பதே படத்தின் செய்தி. அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை உயர்த்தியது. 20 ஆண்டுகளில் 30 லட்சம் நூல்களை மைக்ரோபிலிமில் பதிவது இலக்காக வைக்கப்பட்டது. நாளிதழ்களுக்கு 1982 முதலே தனித் திட்டம் இயங்கிவந்தது.

மடிப்புச் சோதனை

நூலின் தலைப்பு ஒரு சோதனையைக் குறிக்கிறது. பக்கத்தின் மூலையை முன்பக்கம் மடித்து அழுத்தி, பிறகு அதே கோட்டில் பின்பக்கம் மடித்து அழுத்தினால் அது ஓர் இரட்டை மடிப்பு. சில மடிப்புகளுக்குள் மூலை ஒடிந்துவிட்டால் அந்த நூல் ‘நொறுங்கும் நூல்’ என்று குறிக்கப்படும். எத்தனை மடிப்பு என்பது நூலகத்துக்கு நூலகம் மாறியது.

பேக்கரின் மறுப்பு எளிமையானது. நூலைப் படிப்பவர் பக்கத்தின் மூலையை மடித்து ஒடிப்பதில்லை. அவர் பக்கத்தைப் புரட்டுகிறார். பக்கம் புரளும்போது தாள் அகன்ற வளைவாக வளைகிறது. கூர்மையான மடிப்பு அதில் விழுவதில்லை. மடிப்புச் சோதனையில் தோற்கக்கூடிய ஒரு பழைய நூலை எடுத்து, அதன் ஒரே பக்கத்தை நூற்றுக்கணக்கான முறை புரட்டிப் பார்த்ததாகவும் பக்கத்துக்கு எதுவும் ஆகவில்லை என்றும் அவர் எழுதுகிறார். மடிப்பில் தோற்றாலும் அந்த நூலை இன்னும் பல தலைமுறைகள் படிக்கலாம் என்பது அவர் வாதம்.

தாளைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட சில முயற்சிகளே அதற்குக் கேடானதையும் நூல் விரிவாகப் பதிவுசெய்கிறது. பாரோவின் முறையில் செல்லுலோஸ் அசிட்டேட் உறைகளுக்குள் வைத்து ஒட்டப்பட்ட ஆவணங்கள் பலவற்றைப் பிற்காலச் சீரமைப்பாளர்கள் பிரிக்க வேண்டியிருந்தது. காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டை-எத்தில் துத்தநாகம் என்ற வேதிப்பொருளைக் கொண்டு நூல்களில் உள்ள அமிலத்தை நீக்க அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முயன்றது. மேரிலாந்தில் நாசாவின் கோடர்ட் மையத்தில் இருந்த சோதனைக்கூடம் 1985 டிசம்பரிலும் 1986 பிப்ரவரியிலும் விபத்துக்குள்ளானது. ஆபத்து பெரிதாகச் சொல்லப்படும்போது தீர்வும் அளவு மீறிப்போகிறது என்பதற்கு இவை அவர் காட்டும் சான்றுகள்.

மைக்ரோபிலிமில் விடுபட்டவை

மைக்ரோபிலிம் இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஒரு படிச்சுருளிலிருந்து பல படிகள் எடுத்துப் பல ஊர்களுக்கு அனுப்பலாம். தொலைவில் உள்ள ஆய்வாளருக்கு அது பெரும் உதவி. ஆனால் அது மூலத்துக்கு நிகரானது அல்ல என்பதைப் பேக்கர் பல கோணங்களில் காட்டுகிறார்.

நாளிதழ்ச் சுருள்கள் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டன. ஜோசப் புலிட்சரின் நியூயார்க் வேர்ல்ட் போன்ற இதழ்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வண்ணச் சித்திரக்கதைகளையும் வண்ண ஞாயிறு மலர்களையும் அச்சிட்டன. சுருளில் அந்த வண்ணம் இல்லை. புள்ளிகளால் அச்சான ஒளிப்படங்கள் கரும் திட்டுகளாகின. விடுபட்ட பக்கங்களும் குவியம் தவறிய பக்கங்களும் அப்படியே பதிவாகின. ஒரே நாளில் பல பதிப்புகள் வெளியான நாளிதழ்களில் ஒரு பதிப்பு மட்டும் படமாகும். படமெடுக்க வசதியாகப் பல தொகுதிகளின் முதுகு வெட்டப்பட்டுத் தாள்கள் தனித்தனியாக்கப்பட்டன. அப்படி வெட்டப்பட்டவை அலமாரிக்குத் திரும்புவது அரிது. அசிட்டேட்டில் செய்யப்பட்ட பழைய சுருள்களோ தாமே சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கின.

இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. 2007இல் தொடங்கிய அமெரிக்க நாளிதழ் இணையத் தளமான க்ரானிக்ளிங் அமெரிக்காவின் பக்கங்களில் பெரும்பகுதி மைக்ரோபிலிமிலிருந்து மின்னாக்கம் செய்யப்பட்டவை. சுருளில் மங்கியது திரையிலும் மங்கலாகவே இருக்கிறது. மூலப்படி இருந்தால் இன்னொரு முறை, இன்னும் நல்ல கருவியால் படமெடுக்கலாம். அது இல்லாவிட்டால் முதல் நகலின் பிழையே கடைசிச் சான்றாகிவிடுகிறது. பேக்கரின் நூல் வெளியான பிறகு வந்த தொழில்நுட்பம் அவர் வாதத்தின் இந்தப் பகுதியை மேலும் வலுவாக்கியிருக்கிறது.

லண்டனிலிருந்து வந்த நாளிதழ்கள்

நூலின் திருப்புமுனை 1999இல் நடந்தது. பிரிட்டிஷ் நூலகம் தன்னிடம் இருந்த அயல்நாட்டு நாளிதழ்த் தொகுதிகளில் ஒரு பகுதியைக் கைவிட முடிவுசெய்தது. அவற்றில் அமெரிக்க நாளிதழ்களின் நீண்ட தொடர்கள் இருந்தன. அமெரிக்க இதழ்களை அமெரிக்க நூலகங்கள் வைத்திருக்கும், தன் கடமை பிரிட்டிஷ் இதழ்களைக் காப்பதே என்பது அந்நூலகத்தின் நியாயம். அமெரிக்க நூலகங்களோ தம் மூலப்படிகளை ஏற்கெனவே கழித்திருந்தன. நல்ல நிலையில் எஞ்சிய சில தொடர்கள் லண்டனில்தான் இருந்தன.

எஞ்சியவை ஏலத்துக்கு வந்தன. பழைய நாளிதழ் வணிகர்கள் தொகுதிகளைப் பிரித்து, ஒவ்வொரு நாள் இதழையும் பிறந்தநாள் பரிசாக விற்பது வழக்கம். தொடர்கள் சிதறுவதைத் தடுக்கப் பேக்கரும் அவர் மனைவி மார்கரெட் பிரென்டானோவும் அமெரிக்க நாளிதழ்க் களஞ்சியம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவினர். தம் ஓய்வுக்காலச் சேமிப்பைச் செலவிட்டும் அறக்கட்டளைகளின் உதவி பெற்றும் ஆயிரக்கணக்கான தொகுதிகளை வாங்கினர். அவற்றை நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் அடுக்கினர்.

பரிந்துரைகள்

நூலின் இறுதியில் பேக்கர் நான்கு பரிந்துரைகளை முன்வைக்கிறார்.

1. பொதுப்பணம் பெறும் நூலகங்கள் தாம் கழிக்கும் நூல்களின் பட்டியலை மாதந்தோறும் இணையத்தில் வெளியிட வேண்டும்.
2. காங்கிரஸ் நூலகம் தனக்கு வரும் வெளியீடுகளில் இடமில்லாதவற்றை வைக்க, வாஷிங்டன் அருகே பெரிய கட்டடம் ஒன்றைக் கட்டவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும்.
3. நாட்டின் பல பகுதிகளில் உள்ள சில நூலகங்கள் இப்போது வெளியாகும் நாளிதழ்களைத் தொகுதிகளாகக் கட்டிக் காக்க வேண்டும்.
4. அரசு நிதியில் நடக்கும் நாளிதழ், நொறுங்கும் நூல் திட்டங்களை நிறுத்த வேண்டும். அல்லது படமெடுக்கும்போது மூலத்தைச் சிதைக்கக் கூடாது, படமெடுத்த பின்னும் மூலத்தைக் காக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வேண்டும்.

நூலின் சூடான தொனிக்கு மாறாக இந்தப் பரிந்துரைகள் நிதானமானவை. எல்லாவற்றையும் எல்லா நூலகங்களும் வைத்திருக்க வேண்டும் என்று இவற்றில் எதுவும் கேட்கவில்லை. நூலை விமர்சித்தவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

துறையின் எதிர்வினை

நூலகத் துறையிலிருந்து கடுமையான மறுப்புகள் வந்தன. அவற்றில் விரிவானது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆவணவியல் கற்பித்த ரிச்சர்ட் காக்ஸ் 2002இல் வெளியிட்ட தனி நூல். தேர்ந்தெடுப்பதே காப்பகப் பணியின் சாரம் என்பது காக்ஸின் வாதம். ஓர் அரசு அலுவலகமோ நிறுவனமோ உண்டாக்கும் பதிவுகளில் மிகச் சிறிய பங்கே நிரந்தரமாகக் காக்கப்படுகிறது. அனைத்தையும் காக்க முயன்றால் எதையும் ஒழுங்காகக் காக்க முடியாது. நாவலாசிரியர் ஒருவர் தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த நாளிதழ்களுக்காக, எண்ணற்ற ஆவணங்களில் எதை முதலில் காப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர்களின் நெருக்கடியைப் பார்க்க மறுக்கிறார் என்பது அவர் குறை.

வரலாற்றாசிரியர்கள் இரு பக்கமும் நின்றனர். அச்சு வரலாற்று அறிஞர் ராபர்ட் டார்ன்டன் தி நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் எழுதிய மதிப்புரை நூலை முக்கியமானதாக எடுத்துக்கொண்டது. 2001 நவம்பரில் நூலக, தகவல் வளங்களுக்கான குழுமம் வெளியிட்ட அறிக்கை, மூலப்படிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை ஏற்று, நூலகங்கள் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் தேவை என்றது. அந்தப் பணிக்குழு டபுள் ஃபோல்ட் வெளிவரும் முன்பே அமைக்கப்பட்டது. துறைக்குள்ளேயும் இந்தக் கவலை இருந்தது என்பதற்கு அது சான்று.

மதிப்பீடு

மடிப்புச் சோதனை பற்றிய விவாதத்தில் இரு தரப்பும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரிக்கவில்லை. ஒரு நூலுக்கு நகல் எடுக்க வேண்டுமா என்பது ஒரு கேள்வி. நகல் எடுத்த பிறகு மூலம் தேவையில்லையா என்பது வேறு கேள்வி. மடிப்புச் சோதனை முதல் கேள்விக்குப் பயன்படக்கூடியது. மடித்தால் ஒடியும் தாளை மறுபடி கட்டடம் செய்வதும் அடிக்கடி இரவல் கொடுப்பதும் கடினம். அதற்கு நகல் இருப்பது நல்லது. ஆனால் அதே சோதனையின் முடிவு இரண்டாவது கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தாள் பலவீனமானது என்பது அதைக் கவனமாக வைக்கக் காரணமாகுமே தவிர, தூக்கிப்போடக் காரணமாகாது. பேக்கர் சோதனையையே முழுமையாகக் கேலி செய்ததால், அவருக்கே மிகச் சாதகமான இந்த வாதம் நூலில் பின்னுக்குப் போய்விட்டது.

யார் குற்றவாளி என்ற கேள்வியில் நூல் மேலும் பலவீனமானது. போர்க்கால உளவுத்துறைத் தொடர்புகள், மைக்ரோபிலிம் மீது மோகம் கொண்ட அதிகாரிகள், நிதி திரட்ட அச்சத்தைப் பெருக்கியவர்கள் என்று பேக்கர் தனிமனிதர்களைத் தேடிப் போகிறார். அவர் சேகரித்த சான்றுகளே வேறொரு விளக்கத்தைத் தருகின்றன. ஒவ்வொரு நூலகமும் எடுத்த முடிவு தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். தன்னிடம் இடமில்லை, சுருள் இருக்கிறது, மூலம் வேறெங்காவது இருக்கும் என்பது ஒவ்வொருவரின் கணக்கு. எல்லோரும் அதே கணக்கைப் போட்டபோது ‘வேறெங்காவது’ என்ற இடமே இல்லாமல் போனது. லண்டன் நாளிதழ்களின் கதை இதற்கு நேரடிச் சான்று. சதி எதுவும் இல்லாமலேயே கடைசிப் படி காணாமல் போகும். கடைசிப் படி எது என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை என்பதே உண்மையான குறை. தனிமனிதர்களைத் தாக்கியதால் நூலகர்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் திரும்பினர். இந்தக் குறையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் தொனியைப் பற்றிப் பேசுவதில் கழிந்தது.

காக்ஸின் மறுப்பிலும் இடைவெளி உண்டு. அலுவலகக் கோப்புகளில் சிறு பங்கை மட்டும் காப்பது காப்பக மரபு. ஆனால் நாளிதழ் என்பது வெளியிடப்பட்ட படைப்பு. அதைத் தேர்ந்தெடுத்து, விலை கொடுத்து, கட்டடம் செய்து, பட்டியலிட்டுப் பல பத்தாண்டுகள் காத்தது நூலகமேதான். தேர்வு முன்பே நடந்து முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் காக்க முடியாது என்ற வாக்கியம் உண்மையானது. ஆனால் இதை ஏன் கழித்தீர்கள், யாரைக் கேட்டுக் கழித்தீர்கள் என்ற குறிப்பிட்ட கேள்விக்கு அது விடை ஆகாது.

செலவு பற்றிய வாதத்தில் இரு பக்கமும் பாதி சரி. படமெடுக்கும் செலவைவிட ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் தொகுதிகளை அடுக்கிவைப்பது மலிவு என்று பேக்கர் கணக்கிடுகிறார். கட்டடத்தை மட்டும் பார்த்தால் அது ஏற்கத்தக்கது. ஆனால் தொகுதிகளை ஒழுங்குபடுத்தவும், கேட்பவருக்கு எடுத்துக்கொடுக்கவும், வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தவும் ஆண்டுதோறும் ஆளும் பணமும் வேண்டும். அந்தச் செலவுக்கு முடிவு இல்லை. அதை அவரே அனுபவத்தில் கண்டார்.

தமிழ்ச் சூழலில்

நகல் எடுத்த பின் மூலத்தைக் கைவிடுவது தமிழுக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளில் சிதையும். புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதும் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் ஆகம விதியின் பெயரால் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டதை அறிந்து உ.வே. சாமிநாதையர் வருந்திப் பதிவுசெய்திருக்கிறார். அங்கும் செய்தவர்கள் பகைவர்கள் அல்லர். உரிய மரியாதையுடன்தான் அழித்தார்கள். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த சாமிநாதையருக்கு, ஒரு நூல் அச்சேறிவிட்டால் ஏடு வீண் என்ற எண்ணம் இல்லை. அவர் சேர்த்த சுவடிகள் 1943இல் நிறுவப்பட்ட அவர் பெயரிலான நூல் நிலையத்தில் இன்றும் இருப்பதால்தான், அச்சுப் பாடத்தில் ஐயம் வரும்போது ஏட்டைத் திரும்பப் பார்க்க முடிகிறது.

அச்சு இதழ்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் தொடரை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துவைத்த குடும்பங்கள் பல. கதை பின்னர் எத்தனையோ பதிப்புகளாக வந்துவிட்டது. ஆனால் மணியம் வரைந்த ஓவியங்கள் கதையோடு எந்த இடத்தில், எந்த அளவில் நின்றன என்பதை அந்தப் பழைய பக்கங்களே காட்டும். நூலகம் மறுபதிப்பு இருக்கிறது என்று இதழ்களைக் கழித்தால் போவது கதை அல்ல, அது வாசிக்கப்பட்ட விதம்.

கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்து நூல் சேகரிப்பாளர் ஆனவர். நூலகத் துறைக்கு வெளியே நின்ற அவர், பிறர் வேண்டாம் என்று விட்ட தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் ஏறத்தாழ ஒரு லட்சம் அளவுக்குச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சேகரிப்பு சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. மைக்ரோபிலிம் பணியும் இங்கேயே நடந்தது. மூலப்படிகளும் இங்கேயே காக்கப்பட்டன. அமெரிக்க நூலகங்கள் படமெடுத்தபின் மூலத்தைக் கழிப்பதைப் பேக்கர் எதிர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் படமும் மூலமும் சேர்ந்தே காக்கப்பட்டன. படமெடுத்தல் என்பது கழித்தலில்தான் முடியவேண்டும் என்பதில்லை என்பதற்கு இது நடைமுறைச் சான்று.

எனினும் பேக்கரின் முடிவுகளை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த முடியாது. தாளை அதன் போக்கில் விட்டுவைத்தாலே போதும் என்ற அவர் நம்பிக்கை குளிர்நாட்டுக் கட்டடத்தில் ஓரளவு செல்லுபடியாகும். சென்னையின் வெப்பத்திலும் கடற்கரை ஈரத்திலும் அமிலத் தாள் விரைவாகச் சிதையும். கரையானும் வெள்ளிப்பூச்சியும் கூடுதல் எதிரிகள். இங்கே நகலெடுப்பதை ஒத்திப்போடுவதும் ஒருவகை அழிப்பே. நகலும் வேண்டும், மூலமும் வேண்டும் என்பதே இந்தத் தட்பவெப்பம் தரும் பாடம்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் சென்னையிலிருந்து வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தில், நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது முதல் விதி. யாரும் தொடாத நூலைக் கழிக்க இந்த விதி மேற்கோளாகக் காட்டப்படலாம். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்கிறது மூன்றாம் விதி. அந்த வாசகர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். கிளை நூலகம் முதல் விதியைப் பார்த்துத் தன் அலமாரியைப் புதுப்பிப்பதில் தவறில்லை. கிழிந்த பாடநூலையும் காலாவதியான வழிகாட்டியையும் கழித்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். மூன்றாம் விதியைக் காப்பாற்றும் நூலகம் எங்கேனும் ஒன்று இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பிற்கால விளைவுகள்

டபுள் ஃபோல்டுக்குப் பிறகு நூலகங்கள் கழிப்பதை நிறுத்திவிடவில்லை. ஆனால் கேள்வி மாறியது. கடைசி அச்சுப்படிகளைக் கூட்டாகக் காக்கும் ஒப்பந்தங்கள் அமெரிக்க நூலகங்களிடையே பெருகின. மின்னாக்கத்தையே முதன்மைப் பணியாகக் கொண்ட இன்டர்நெட் ஆர்க்கைவ், 2011இல் அச்சு நூல்களைப் பெட்டிகளில் அடுக்கிக் காக்கும் கிடங்கு ஒன்றைக் கலிபோர்னியாவில் அறிவித்தது. இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரு நூலால் வந்தவை என்று சொல்ல முடியாது. மூலப்படியைப் பற்றிய பேச்சைத் துறையின் கூட்ட அறைகளிலிருந்து பொதுவெளிக்குக் கொண்டுவந்தது அந்த நூல் என்பதை மறுக்கவும் முடியாது.

பேக்கரின் நாளிதழ்க் களஞ்சியம் 1999 முதல் 2004 வரை இயங்கியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் தொகுதிகள் அனைத்தையும் வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்துக்கு ஒப்படைத்தார். 2005இல் அவரும் மார்கரெட் பிரென்டானோவும் நியூயார்க் வேர்ல்ட் இதழின் வண்ணப் பக்கங்களைத் தொகுத்து ஒரு பெரிய நூலாக வெளியிட்டனர். நொறுங்கிவிடும் என்று சொல்லப்பட்ட தாள்களிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் பக்கங்கள் நூறாண்டு கழித்தும் நிறம் மாறாமல் துலங்கின. அந்தத் தாள்களை ஏலத்திலிருந்து காக்க வெளியாள் ஒருவர் வேண்டியிருந்தது. தொடர்ந்து காக்க அவருக்கும் ஒரு நூலகமே வேண்டியிருந்தது.